விளக்கு எரிந்தால் கட்டம் நகராது: அல்சூர் கணக்கு அலுவலகத்தில் ஒரு ஸ்க்ரோல் லாக் பழுது

இடமும் ஏற்பாடும்

பெங்களூரு அல்சூரில் மாடியில் இயங்கும் ஒரு கணக்கு அலுவலகம். ஆறு மேசைக் கணினிகள், உள்ளறையில் ஒரு சர்வர். கணக்கு மென்பொருளான டேலியும் எக்செலும் சர்வரில்தான் இருக்கின்றன. ஆறு பேரும், சர்வரின் திரையை மேசையிலேயே ஒரு ஜன்னலில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைந்து வேலை பார்க்கிறார்கள். ஜிஎஸ்டி போர்ட்டல், மின்னஞ்சல், வாட்ஸ்அப் மட்டும் அவரவர் மேசைக் கணினியின் பிரவுசரில். ஆக, ஒரே கீபோர்டு இரண்டு விண்டோஸுக்கு உழைக்கிறது: ஒன்று மேசையில், இன்னொன்று சர்வரில். பழுதை மூன்று நாள் இழுத்தடித்தது இந்த இரட்டை ஏற்பாடுதான்.

நேரமும் நெருக்கடியானது. விற்பவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்துத் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை மாதம் 14ஆம் தேதி உருவாகும். மாத வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள் போக வேண்டும். இடையில் இருக்கும் ஐந்தாறு நாளில் கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய உள்ளீட்டு வரியில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்ட வேண்டும். அத்தனையும் எக்செலில், கை மவுஸுக்குப் போகாமல் அம்புக்குறி விசைகளிலேயே நடக்கும் வேலை. பழுது வந்தது 15ஆம் தேதி மாலை.

புகார் சொல்லப்பட்ட விதம்

ஜன்னலோர மேசையில் இருக்கும் மூத்த கணக்காளர் போனில் சொன்னது: "தம்பி, ஏரோ கீ வேலை செய்யல." சர்வீஸுக்கு வரும் இளைஞர் அதைக் கேட்டதும் கீபோர்டு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் வந்து வேறொரு கீபோர்டை மாட்டினார். மாற்றியும் தீரவில்லை. அப்போதுதான் அந்த அம்மாள் சரியாக விளக்கினார்: "கீ வேலை செய்யுது தம்பி. ஆனா கட்டம் நின்ன இடத்துலயே நிக்குது, ஷீட்டுதான் ஓடுது. என்டர் தட்டினா மட்டும் கட்டம் இறங்குது."

"அப்போ சர்வர்லதான் ஏதோ இருக்குக்கா," என்றார் அந்த இளைஞர்.

பழுதின் முழு விடையும் அந்த அம்மாளின் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. கட்டம் என்பது எக்செலில் தேர்வான செல்லைச் சுற்றி நிற்கும் சட்டம். ஷீட் ஓடுகிறது என்றால் விசை உயிரோடு இருக்கிறது, அதன் சைகை கணினிக்குப் போய்ச் சேருகிறது, எக்செலும் அதைப் பெற்றுக்கொள்கிறது. பெற்றதை வேறு கட்டளையாகப் புரிந்துகொள்கிறது, அவ்வளவுதான். என்டர் வழக்கம்போல் கட்டத்தை இறக்குகிறது என்பது சந்தேகத்துக்கே இடம் வைக்காத அடையாளம். புகாரை வாங்குபவர் "எந்த கீ" என்பதோடு நிற்காமல், "அழுத்தினால் என்ன நகருது, என்ன நகரல" என்று கேட்டிருந்தால் கீபோர்டு மாற்றமே தேவைப்பட்டிருக்காது.

மூன்று நாளில் செய்து பார்த்தவை

கீபோர்டு மாற்றம் பயன் தரவில்லை. புதிதாக வந்ததும் அதே ரகம்; அலுவலகத்துக்கு ஆறையும் எஸ்.பி. ரோட்டில் ஒரே தடவையில் வாங்கி, கூடுதலாக ஒன்றைக் கையிருப்பில் வைத்திருந்தார்கள். அந்த ஒன்றுதான் மாட்டப்பட்டது. இது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

அடுத்து, ஷீட்டில் தலைப்பு வரிகளை அசையாமல் நிறுத்தப் போட்டிருந்த ஃப்ரீஸ் பேன்ஸை எடுத்தார்கள். மாற்றமில்லை. பிறகு ஆஃபீஸ் ரிப்பேர். இது சர்வரில் இருக்கும் ஆஃபீஸ் என்பதால் ஆறு பேரும் கோப்புகளை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒருவருடைய மேசையில் மட்டும் வரும் பழுதுக்கு எல்லாருக்கும் பொதுவான நிரலைப் பழுதுபார்ப்பது தவறான திசை. நிரல் கெட்டிருந்தால் ஆறு பேருக்கும் கெட்டிருக்க வேண்டும். வைரஸ் ஸ்கேனும் ஓட்டப்பட்டது. சர்வர் செஷனிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தும் பார்த்தார்கள். நுழைந்த நொடியிலேயே பழுதும் கூடவே வந்தது.

பலன் தந்தது ஒன்றே ஒன்று. சர்வருக்குள் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து அதில் ஸ்க்ரோல் லாக் விசையைச் சொடுக்கியதும் கட்டம் நகர ஆரம்பித்தது. பத்து நிமிடம்தான். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு பில் எண்ணைப் பார்த்துவிட்டு ரிமோட் ஜன்னலுக்குத் திரும்பினால் மறுபடி ஷீட் ஓடுகிறது. "சர்வர்ல வைரஸ்" என்ற பேச்சு எழுந்தது இதனால்தான்.

காலையில் வந்தால் எல்லாம் சரியாக இருக்கும். மாலை ஆறு, ஆறரைக்கு மேல்தான் தொடங்கும். இந்த நேரக் கணக்கை மூன்றாம் நாள் வரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஸ்க்ரோல் லாக் என்ன செய்கிறது

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் 83 விசைக் கீபோர்டிலேயே ஸ்க்ரோல் லாக் இருந்தது. அந்தக் கீபோர்டில் அம்புக்குறிகளுக்குத் தனி இடம் கிடையாது, எண் பலகையோடு சேர்ந்தே இருந்தன. மவுஸ் மேசைக்கு வராத காலம். திரை முழுதும் எண்கள் நிரம்பிய தாளில், கட்டத்தை விட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வேறு பகுதியை எட்டிப் பார்க்க ஒரு வழி வேண்டும். அதற்கான விசை இது. 1983இல் வெளியான லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் நிரல் இதை அப்படியே பயன்படுத்தியது. எக்செல் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை. 1984இன் ஐபிஎம் ஏடி கீபோர்டில் கேப்ஸ் லாக், நம் லாக் (எண் பலகைக்கான லாக்), ஸ்க்ரோல் லாக் மூன்றுக்கும் மூன்று சிறு விளக்குகள் வந்தன. 1996இல் மைக்ரோசாஃப்டின் சக்கரம் வைத்த மவுஸ் வந்த பிறகு இந்த விசைக்குப் பெரும்பாலோருக்கு வேலை இல்லாமல் போனது. வேறு நிரல்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை என்பதால், தவறி அழுத்தியவருக்கு எக்செலைத் திறக்கும் வரை எதுவும் தெரியாது.

லாக் விழுந்திருக்கும்போது எக்செலில் நடப்பது இது. மேல், கீழ் அம்புக்குறி ஷீட்டை ஒரு வரி நகர்த்தும். இடம், வலம் ஒரு பத்தி நகர்த்தும். கட்டம் இருந்த செல்லிலேயே இருக்கும். பேஜ் அப், பேஜ் டவுன் ஒரு திரை அளவுக்கு ஷீட்டை நகர்த்தும், அப்போதும் கட்டம் நகராது. ஹோம் அழுத்தினால் திரையில் அப்போது தெரியும் இடது மேல் மூலைச் செல்லுக்குக் கட்டம் போகும். எண்ட் அழுத்தினால் வலது கீழ் மூலைக்கு. என்டர், டேப், மவுஸ் சொடுக்கு மூன்றும் வழக்கம்போல்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அம்புக்குறியால் நாற்பது வரி கீழே போய்விட்டோம் என்று நினைத்து ஓர் எண்ணைத் தட்டினால், திரை சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பி, எண் பழைய கட்டத்திலேயே விழும். அங்கே ஏற்கெனவே இருந்த எண் அழியும். கண் திரையில் இருந்தால் அந்தத் தாவல் தெரியும். பில்லைப் பார்த்துக்கொண்டே தட்டும் கணக்காளருக்குத் தெரியாது.

பத்து நொடியில் உறுதிசெய்வது

எக்செலில் சூத்திரப் பட்டையின் இடது ஓரத்தில் செல் முகவரி காட்டும் சிறு பெட்டியை நேம் பாக்ஸ் என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கீழ் அம்புக்குறியை ஐந்து முறை அழுத்த வேண்டும். ஷீட் நகர்ந்து, பெட்டியில் முகவரி மட்டும் மாறாமல் இருந்தால் ஸ்க்ரோல் லாக்தான். இந்த அலுவலகத்தில் பெட்டி எஃப்212 என்றே நின்றது. திரையோ 217க்கு இறங்கியிருந்தது.

அடிப்பட்டையிலும் பார்க்கலாம். லாக் விழுந்திருந்தால் ஸ்டேட்டஸ் பாரின் இடப்பக்கம் ஸ்க்ரோல் லாக் என்று எழுத்து வரும். யாராவது அந்தக் குறிப்பை மறைத்து வைத்திருந்தால் வராது. அப்போது ஸ்டேட்டஸ் பாரில் வலது சொடுக்கு செய்தால் விரியும் பட்டியலில், ஸ்க்ரோல் லாக் என்ற வரியின் எதிரே அது ஆனா ஆஃபா என்பது எழுதியிருக்கும். டிக் இல்லாவிட்டால் அங்கேயே ஒரு டிக் போட்டுவிடலாம். அடுத்த முறை தேட வேண்டாம்.

இதே போலத் தோன்றும் வேறு சிக்கல்கள் உண்டு, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டம் நகரும்போது பின்னாலேயே நிறம் படர்ந்து பெரிய தேர்வாக நீண்டால், எஃப்8 அழுத்தப்பட்டிருக்கிறது, எஸ்கேப் போதும். ஒரு தட்டில் தரவின் கடைசிக்கே தாவினால் எண்ட் மோடு. எண்ட் விசையை மறுபடி அழுத்தினால் போய்விடும். செல்லுக்குள் எழுத்துக்கு எழுத்து கர்சர் மட்டும் நகர்ந்தால் அது எஃப்2 தந்த திருத்த நிலை. எண் பலகையின் அம்புக்குறிகளை அழுத்த எண்கள் விழுந்தால் நம் லாக்கைப் பார்க்க வேண்டும். நேம் பாக்ஸில் முகவரி மாறுகிறது, ஆனால் திரை அசையவில்லை என்றால், ஃப்ரீஸ் செய்த பகுதி ஜன்னலை விடப் பெரிதாகிவிட்டது. கட்டம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. பாதுகாப்பு போட்ட ஷீட்டில் பூட்டிய செல்களைத் தொட அனுமதி இல்லாவிட்டால், கட்டம் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போகும், அல்லது போகவே போகாது. விளையாட்டுக்காக விற்கும் கீபோர்டுகள் பலவற்றில் எஃப்என் விசையோடு டபிள்யூவைச் சேர்த்து அழுத்தினால் அம்புக்குறிகளும் நான்கு எழுத்து விசைகளும் இடம் மாறிக்கொள்ளும். மேல் அம்புக்குறிக்கு எழுத்து விழுந்தால் அதுதான் காரணம்.

விசை பழுதா இல்லையா என்பதற்கு நோட்பேடு போதும். நாலு வரி தட்டி அம்புக்குறியால் மேலும் கீழும் போய்ப் பாருங்கள். நோட்பேடு ஸ்க்ரோல் லாக்கைப் பொருட்படுத்தாது. அங்கே கர்சர் ஓடி, எக்செலில் கட்டம் ஓடாவிட்டால், கீபோர்டை மாற்றுவது வீண் செலவு.

எடுத்துவிடும் வழிகள்

முழு அளவுக் கீபோர்டில் எஃப்12க்கு வலப்பக்கம் மூன்று விசைகள் வரிசையாக இருக்கும். நடுவில் இருப்பது ஸ்க்ரோல் லாக். ஒரு தட்டு, போய்விடும்.

மடிக்கணினிகளில் பெரும்பாலும் தனி விசை இருப்பதில்லை, விளக்கும் இல்லை. லெனோவோ திங்க்பேடுகள் பலவற்றில் எஃப்என் விசையோடு கே. டெல் மாடல்கள் பலவற்றில் எஃப்என்னோடு எஸ். எச்பி மாடல்கள் பலவற்றில் எஃப்என்னோடு சி. மேக்கில் எக்செல் வைத்திருப்பவர்கள் வெளிக் கீபோர்டில் ஷிஃப்டோடு எஃப்14 அழுத்த வேண்டும். வெறும் எஃப்14 திரையின் வெளிச்சத்தை மாற்றிவிடும்.

எந்தக் கணினிக்கும் பொதுவான வழி ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஓ, எஸ், கே என்ற மூன்று எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால் திறக்கும். கன்ட்ரோல், விண்டோஸ், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். வலது ஓரத்தில் ஸ்க்ரோல் லாக்கின் சுருக்கம் பொறித்த விசை நிறம் மாறித் தெரிந்தால் லாக் விழுந்திருக்கிறது; சொடுக்கினால் நிறம் போகும். டாஸ்க்பாரில் கீபோர்டு படம் போட்டு இருக்கும் தொடு கீபோர்டு இது அல்ல. அதில் வழக்கமாக இந்த விசை இருக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "விசையே இல்லை" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

லாக்கை எடுத்த பிறகு, கட்டம் எங்கே விடப்பட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால் கன்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ். திரை கட்டத்திடம் திரும்பும். அதைப் பார்த்துக்கொள்ளாமல் ஓர் எழுத்தும் தட்டக்கூடாது.

போன லாக் ஏன் திரும்பியது

இதுவரை சொன்னது தெரிந்தவர்கள் பலர். இந்த அலுவலகத்தில் சிக்கல் அடுத்த படியில்தான் இருந்தது.

ஸ்க்ரோல் லாக்கின் நிலையை நினைவில் வைத்திருப்பது கீபோர்டு அல்ல, விண்டோஸ். கீபோர்டு "இந்த விசை அழுத்தப்பட்டது" என்று மட்டும் சொல்லும். விண்டோஸ் நிலையை மாற்றி, "விளக்கைப் போடு" என்று கீபோர்டுக்குத் திருப்பிச் சொல்லும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இரண்டு விண்டோஸ், ஆகவே இரண்டு நிலைகள். இரண்டும் முரண்படாமல் இருக்க, இணைப்பு தொடங்கும்போதும், வேறு ஜன்னலுக்குப் போய்விட்டு ரிமோட் ஜன்னலுக்குத் திரும்பும்போதும், மேசைப் பக்கம் தன்னிடம் உள்ள லாக் நிலைகளை சர்வருக்கு அனுப்புகிறது. கேப்ஸ், நம், ஸ்க்ரோல் எல்லாம் அந்த ஒரே செய்தியில் போகும்.

இப்போது அந்தப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். சர்வருக்குள் திறந்த ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு சர்வரின் நிலையை மட்டும் மாற்றியது. மேசைக் கணினியில் லாக் அப்படியே. பிரவுசருக்குப் போய்த் திரும்பியதும் மேசை தன் நிலையை அனுப்பியது: ஸ்க்ரோல் லாக் ஆன். சர்வர் கீழ்ப்படிந்தது. செஷனிலிருந்து வெளியேறி நுழைந்தபோதும் இதே கதை. முழுத்திரையில் ரிமோட் ஓடும்போது விண்டோஸ் விசைச் சேர்க்கைகள் சர்வருக்கே போகும் என்பதால், ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு ஒவ்வொரு முறையும் சர்வருக்குள்ளேயே திறந்தது. எந்தப் பக்கத்தில் திறக்கிறோம் என்று பார்க்கத் தோன்றவில்லை.

சரியான வரிசை இது. முதலில் ரிமோட் ஜன்னலைச் சுருக்கி வைக்க வேண்டும். மேசைக் கணினியில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து ஸ்க்ரோல் லாக் நிலையைப் பார்க்க வேண்டும். இங்கே அது ஆன் நிலையில் இருந்தது. அங்கே எடுத்துவிட்டு ரிமோட் ஜன்னலுக்குத் திரும்பினால், மேசை இப்போது ஆஃப் என்று அனுப்பும். சர்வரில் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிரவுசருக்கும் ரிமோட்டுக்கும் மூன்று முறை போய்வந்து சோதிக்கப்பட்டது. மூன்று முறையும் கட்டம் நகர்ந்தது.

ரிமோட் மென்பொருள் எதுவானாலும் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: லாக் பழுதை விரல் படும் கணினியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்.

ஆனால் போட்டது யார்

மேசையில் லாக்கை எடுத்த அதே நொடி, கீபோர்டின் எழுத்துகளுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த நீல வெளிச்சம் அணைந்தது.

"லைட் போயிடுச்சே," என்று அந்த அம்மாள் கையை நீட்டி ஒரு விசையைத் தட்டினார். வெளிச்சம் வந்தது. எக்செலில் ஷீட் ஓடத் தொடங்கியது.

அந்த விசையின் மேல் சிறு பல்பு படம் பொறித்திருந்தது. அதன் கீழே, படிக்கச் சிரமமான அளவில், ஸ்க்ரோல் லாக்கின் சுருக்கம். விலை குறைந்த வெளிச்சக் கீபோர்டுகள் பலவற்றில் இதுதான் ஏற்பாடு. வெளிச்சத்துக்கென்று தனிச் சுற்றும் தனி விசையும் வைக்காமல், ஸ்க்ரோல் லாக் விளக்குக்கு விண்டோஸ் அனுப்பும் சைகையையே முழுக் கீபோர்டின் வெளிச்சத்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் அந்த விசையைப் பயன்படுத்துவதில்லை என்ற கணிப்பில் செய்த சிக்கனம். எக்செலில் நாள் முழுக்க உழைப்பவருக்கு இது நேரடியான கெடுதி. பெட்டியின் மேல் இதைப் பற்றி ஒரு வரியாவது அச்சிட வேண்டும். லினக்ஸுக்கு மாறிய பலர் இதே ரகக் கீபோர்டில் வெளிச்சமே வரவில்லை என்று தவிப்பதும் இதன் மறுபக்கம்தான்: அங்கே பல அமைப்புகளில் ஸ்க்ரோல் லாக் விசைக்கு எந்த வேலையும் ஒதுக்கப்படாததால் விளக்குச் சைகை போவதில்லை.

மாலை நேரக் கணக்கும் இப்போது பொருந்தியது. ஜன்னலோர மேசை, பகலில் வெளிச்சம் தேவையில்லை. இருட்டத் தொடங்கியதும் பல்பு விசை. இரவு கணினியை அணைத்துவிட்டுப் போனால் காலையில் லாக் இல்லாமல் எழுந்திருக்கும். மற்ற ஐந்து பேரும் டியூப்லைட்டின் நேர்கீழே இருப்பவர்கள். அவர்களில் ஒருவருக்கும் எப்போதாவது வந்திருக்கிறது; அவர் மவுஸில் சொடுக்கியே வேலை பார்ப்பவர் என்பதால் கவனிக்கவில்லை.

காரணத்தை உறுதிப்படுத்த ஒரு முறை பார்த்தது போதாது. விளக்கைப் போட்டால் ஷீட் ஓடுகிறதா, அணைத்தால் கட்டம் ஓடுகிறதா, மறுபடி போட்டால் மறுபடி ஷீட் ஓடுகிறதா என்று நான்கு தடவை மாற்றி மாற்றிச் சோதிக்கப்பட்டது. பிறகு விசையைத் தொடாமல் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டில் சொடுக்கியும் பார்க்கப்பட்டது. அதற்கும் வெளிச்சம் வந்து போனது. கீபோர்டு தானாக வெளிச்சத்தைக் கையாளவில்லை, விண்டோஸின் லாக் நிலையைத்தான் பின்தொடர்கிறது என்பதற்கு இது சான்று. ஆகவே இந்தக் கீபோர்டில் வெளிச்சமும் வேண்டும், எக்செலும் ஒழுங்காக ஓட வேண்டும் என்பது நடக்காது.

இதே போல யாரும் வேண்டுமென்று போடாமல் லாக் விழும் இன்னொரு இடம், இரண்டு கணினிகளுக்கு ஒரே கீபோர்டைப் பகிரும் கேவிஎம் பெட்டி. பல கேவிஎம்களில் கணினி மாற்ற ஸ்க்ரோல் லாக்கை அடுத்தடுத்து இரண்டு முறை தட்ட வேண்டும். இரண்டில் ஒரு தட்டு மட்டும் கணினிக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே லாக் விழுந்து கிடக்கும். கேவிஎம் உள்ள மேசையில் இந்தப் பழுது வந்தால் அந்தப் பெட்டியின் மாற்றுவிசையை வேறொன்றாக அமைப்பதே வழி.

நிரந்தர ஏற்பாடு

இரண்டு வழிகள் இருந்தன. வெளிச்சத்துக்கு எஃப்என் சேர்க்கை வைத்த கீபோர்டு வாங்குவது ஒன்று. கடையில் வாங்கும்போதே கணினியில் மாட்டி, வெளிச்சத்தைப் போட்டுவிட்டு எக்செலைத் திறந்து அம்புக்குறியை அழுத்திப் பார்த்துவிடலாம். ஒரு நிமிட வேலை. இரண்டாவது, இருக்கும் கீபோர்டிலேயே ஸ்க்ரோல் லாக்கை விண்டோஸ் கண்டுகொள்ளாமல் செய்துவிட்டு, மேசைக்கு ஒரு விளக்கு வைப்பது. ஆறு கீபோர்டையும் தூக்கிப் போட மனமில்லாததால் இரண்டாவதைத் தேர்ந்தார்கள்.

மைக்ரோசாஃப்டின் துணைக்கருவித் தொகுப்பான பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜரில் ஸ்க்ரோல் லாக்கை டிசேபிள் என்று மாற்றி அமைக்கலாம், எளிது. ஆனால் பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் செல்லும். இங்கே, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி வழியே செய்யப்பட்டது. ஹெச்கீ லோக்கல் மெஷினுக்குள் சிஸ்டம், அதற்குள் கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கடைசியில் கீபோர்டு லேஅவுட். அதன் அருகிலேயே கீபோர்டு லேஅவுட்ஸ் என்று பன்மையில் ஒரு கோப்புறை இருக்கிறது, அது வேறு. பலர் அதில் எழுதிவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். ஒருமையில் உள்ளதில் ஸ்கேன்கோட் மேப் என்ற பெயரில், ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக, பைனரி மதிப்பு ஒன்றை உண்டாக்கி இந்த 20 பைட்டுகளை இட வேண்டும்:

00 00 00 00 00 00 00 00 02 00 00 00 00 00 46 00 00 00 00 00

முதல் எட்டும் தலைப்பு, எப்போதும் பூச்சியம். 02 என்பது பதிவுகளின் எண்ணிக்கை, முடிவுக் குறியையும் சேர்த்து. 46 ஸ்க்ரோல் லாக்கின் ஸ்கேன் எண். அதற்கு முன்னுள்ள இரண்டு பூச்சியம் "ஒன்றுமில்லையாக மாற்று" என்று பொருள். கடைசி நான்கும் முடிவு. ஒரு பைட் கூடினாலோ குறைந்தாலோ பலிக்காது. கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே நடைமுறைக்கு வரும். திரும்பப் பெற, அந்த மதிப்பை அழித்துவிட்டு மறுதொடக்கம். ஏற்கெனவே அந்தப் பெயரில் மதிப்பு இருந்தால் மேலெழுதக் கூடாது. யாரோ வேறு விசைக்காகப் போட்டிருக்கலாம், அதோடு சேர்த்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

இதைச் செய்யும் முன் லாக்கை ஆஃப் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். லாக் விழுந்த நிலையில் விசையை முடக்கினால், எடுக்க நினைக்கும்போது விசை இருக்காது.

கணினி எழும்போதே லாக் விழுந்து வருகிறது என்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு: ஹெச்கீ யூசர்ஸுக்குள், முன்னால் புள்ளி வைத்த டிஃபால்ட், அதற்குள் கன்ட்ரோல் பேனல், கீபோர்டு. இனிஷியல் கீபோர்டு இண்டிகேட்டர்ஸ் என்ற மதிப்பில் 1 கேப்ஸ், 2 நம், 4 ஸ்க்ரோல். ஒன்றுக்கு மேல் விழுந்தால் கூட்டுத்தொகை. 6 என்று இருந்தால் நம் லாக்கும் ஸ்க்ரோல் லாக்கும் சேர்ந்து வரும். 2 ஆக்கினால் நம் லாக் மட்டும். 2147483648 என்று பெரிய எண் இருந்து பயப்பட வேண்டாம். அதன் மேல்தான் இந்தச் சிறு எண்கள் கூடும். 2147483652 என்றால் ஸ்க்ரோல் லாக் கூடியிருக்கிறது, 2147483650 என்று மாற்றலாம். இந்த அலுவலகத்தின் ஆறு கணினிகளிலும் 4 கூடியிருக்கவில்லை, தொடவில்லை.

ஆறு மேசைக் கணினிகளிலும் ஸ்கேன்கோட் மேப் இடப்பட்டது. சர்வரில் எதையும் மாற்றவில்லை. ஜன்னலோர மேசையின் மேல் ஒரு எல்இடி விளக்கு மாட்டப்பட்டது. பல்பு படம் போட்ட விசை இப்போது எதுவும் செய்வதில்லை.

தவறி விழுந்த எண்கள்

வேலை இதோடு முடியவில்லை. மூன்று மாலை லாக் விழுந்த நிலையில் 2பி ஒப்பீட்டுக் கோப்பில் எண்கள் தட்டப்பட்டிருந்தன. எந்த எண் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று தெரியாது. கன்ட்ரோல் இசட் உதவாது. கோப்பை மூடியதோடு பழைய படிகள் போய்விடும்.

நல்லவேளையாக ஒவ்வொரு இரவும் சர்வர் கோப்புகளுக்குப் பிரதி எடுக்கும் வழக்கம் இருந்தது. 14ஆம் தேதிப் பிரதியையும் தற்போதைய கோப்பையும் திறந்து, மூன்றாவது ஒரு ஷீட்டில், ஒரே முகவரியில் உள்ள இரண்டு செல்களும் சமமா என்று கேட்கும் சூத்திரம் போடப்பட்டு, பதிவேட்டின் அளவுக்கு இழுக்கப்பட்டது. இடையில் யாரும் வரிகளைச் செருகவோ அடுக்கவோ இல்லை என்பதால் இந்த ஒப்பீடு செல்லும். செய்திருந்தால் பில் எண்ணையும் விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணையும் சேர்த்துத் திறவுகோலாக வைத்து ஒப்பிட வேண்டியிருக்கும். புதிதாக நிரப்பிய காலிச் செல்களை விட்டுவிட்டு, 14ஆம் தேதியே மதிப்பு இருந்து பிறகு மாறியவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தார்கள். மூன்று செல்கள் வந்தன. மூன்றும் வரித் தொகைப் பத்தியில், அந்தந்த மாலை கட்டம் நின்றிருந்த இடத்தில். ஒவ்வொன்றிலும் கீழே எங்கோ சேர வேண்டிய பில்லின் தொகை உட்கார்ந்திருந்தது. அந்தப் பில்லின் சொந்தக் கட்டம் காலியாக இருந்தது.

பழைய மதிப்பைப் பிரதியிலிருந்து எடுத்து வைத்து, தவறி விழுந்த தொகையைத் தன் வரிக்கு மாற்றி, மூன்று பில்லையும் காகிதத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே மொத்தம் 2பி-யோடு பொருந்தியது. 3பி 19ஆம் தேதி மாலை போனது.